ஒரே ஒரு ஓவர்

உங்கள் ஸ்டேஷன் பெஞ்சு சுகமாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகளுக்கு முதுகுப் பலகை கிடையாது. சாய்ந்தால் பையன்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று நான்தான் கழற்றச் சொன்னேன். இங்கே சாய்ந்து உட்கார்ந்து பேசலாம். கேளுங்கள், சொல்கிறேன், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

வெங்கடம்மாள் தன் மனுவில், தலைமையாசிரியர் ஜெபராஜ், அதாவது நான், தன் புருஷன் கங்கப்பனைப் பந்து போட வைத்தே கொன்றுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பாவம், துக்கத்தில் இருக்கிற அம்மா. டாக்டர் ஒரே ஒரு ஓவர் போடலாம் என்று சொல்லியிருந்தார். கங்கப்பன் அன்று ஒரு ஓவருக்கு மேல் ஒரு பந்துகூடப் போடவில்லை. அம்பயராகப் பக்கத்திலேயே நின்றவன் நான்.

உங்களுக்குக் கிரிக்கெட் பழக்கமில்லை என்கிறீர்கள். ஓவர் என்றால் ஆறு பந்து, அவ்வளவுதான். மற்றதைப் போகப் போகச் சொல்கிறேன்.

நான் நம் தாலுகாவின் பழைய ஆட்டக்காரர்களுடைய சரித்திரத்தை எழுதி அச்சிட்டவன். மொத்தம் பதினொரு பேர். ஒற்றைக் கண்ணோடு இருபது வருஷம் விக்கெட் காத்த கரியப்பன் அதில் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஓடிப்போன எருமையைத் தேடிப் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்து, "நான் இன்னும் அவுட் ஆவலையே" என்று சண்டை போட்ட ஆஞ்சப்பனும் உண்டு. ஆனால் புத்தகத்துக்கு உயிர் கங்கப்பன்தான். ஜவளகிரியில் கேழ்வரகு விதைத்துக்கொண்டிருந்த வீட்டுப் பிள்ளை. அவர் வேகத்துக்கு இந்தப் பக்கம் இன்னொருவர் பிறக்கவில்லை என்பதை நான் மனதாரச் சொல்வேன்.

1931இல் மத்திகிரி மைதானத்தில் பெங்களூர் வெள்ளைக்காரர்களோடு ஓர் ஆட்டம். எதிரணியில் பத்துப் பேரை அவுட்டாக்கினால் முடிந்தது. அந்தப் பத்துப் பேரையும் கங்கப்பன் ஒருவரே வீழ்த்தினார். பத்தாவது ஆள் தட்டிய பந்தை, மட்டை பிடிப்பவருக்குப் பின்புறம் ஸ்லிப் என்கிற இடத்தில் நின்று பிடித்தவன் நான். மழை பிடித்துக்கொண்டதால் ஜனங்கள் அதற்குள் ஓடிவிட்டார்கள், பார்த்தவர்கள் குறைவு. இதெல்லாம் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அந்தக் கேட்ச்சைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் சாராளின் அப்பா எனக்குப் பெண் கொடுத்தார். வேலை கொடுத்த கமிட்டியும் முதலில் அதைத்தான் கேட்டது.

1952இல், குடகு காபித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போன கங்கப்பன் அங்கே காய்ச்சலில் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. ஜவளகிரிப் பக்கம் மூன்று வீட்டுக்கு ஒரு கங்கப்பன் இருப்பார். எந்தக் கங்கப்பன் என்று ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் அச்சுக்குப் போகிற சமயம், அவருடைய அத்தியாயம் முடிவில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மரணம் அங்கே கச்சிதமாக உட்கார்ந்தது.

நம் சீமையில் புலியோடு மல்லுக்கட்டியோ களவு போன மாட்டை மீட்டோ செத்தவனுக்குக் கல் நட்டு, வேடியப்பன் என்று கும்பிடுவது உங்களுக்கே தெரியும். எங்கள் டீம் கேப்டன் எல்லப்பன், கங்கப்பனுக்கும் மைதானத்து ஓரத்தில் ஒரு கல் நடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கல் நட்டோம். வில் இருக்கவேண்டிய கையில் பந்து. புலி இருக்கவேண்டிய இடத்தில் சாய்ந்து கிடக்கும் மூன்று ஸ்டம்ப்புகள். தலைக்கு மேலே வரிசையாகப் பத்து உருண்டைகள். எண்ணிக்கையைக் கல்தச்சருக்குச் சொன்னவன் நான். ஞானஸ்நானம் வாங்கியவன், கல்லுக்குக் கோழி அறுப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கல் நட்ட வருஷம் டீம் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயித்தது. ஒருவர் நம்பிக்கையில் நாம் குறுக்கிடக் கூடாது.

1955இல் கங்கப்பன் தன் மனைவி வெங்கடம்மாளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். தன் கல்லை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மூக்கு சரியா வரல" என்றார், வேறு குறை சொல்லவில்லை. எல்லப்பன்தான் வெலவெலத்துப்போய் என்னிடம் ஓடி வந்தார்.

"வாத்தியாரே, சாமி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிக்கினு இருக்குது. நட்ட கல்ல புடுங்கினா ஊருக்கு ஆவாதுங்க. இப்ப என்னா பண்றது?"

யோசித்து நான்தான் வழி சொன்னேன். வந்திருப்பவர் கங்கப்பனுடைய தம்பி. கல்லுக்கு அவரே பூசாரியாக இருக்கட்டும். ஊரும் ஒப்புக்கொண்டது. கங்கப்பனும் மறுக்கவில்லை, அவ்வளவு தங்கமான மனிதர். வெள்ளிக்கிழமை தோறும் தனக்குத் தானே தேங்காய் உடைத்து, தனக்குத் தானே சூடம் காட்டி, தன் விபூதியைத் தானே இட்டுக்கொள்வார். ஒன்றில் மட்டும் அவர் மனம் ஆறவில்லை.

"செத்தவனா இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல வாத்தியாரே. ஆனா கல்லுல பத்து போட்டிருக்குது. நான் எடுத்தது ஒம்போது. பத்தாவது உங்க கைக்கு வந்துது, நீங்க உட்டுட்டீங்க. நனைஞ்ச பந்து, யார் கையிலயும் வழுக்கும். ஒரு உருண்டையைக் கொத்திப் போட்ரலாங்க."

இரண்டு வருஷம் இதே பேச்சு. அந்த ஆட்டத்தில் நம் பக்கம் ஆடியவர்களில் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவர்தான். பத்து என்பது உங்களுக்குத்தானே பெருமை என்று எத்தனையோ விதமாக எடுத்துச் சொன்னேன். "திருட்டுப் பெருமை எனக்கு எதுக்குங்க" என்றார். தன் புகழைத் தானே குறைத்துக்கொள்ளத் துடிக்கும் ஒருவரைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. வயதானால் ஞாபகம் தடுமாறுவது சகஜம்தான்.

இந்த வருஷம் பங்குனியில் கல்லுக்குத் திருவிழா. பெங்களூர் டீமைக் கூப்பிட்டிருந்தோம். தம்பி என்ற முறையில் முதல் ஓவரைக் கங்கப்பன் போடுவதென்றும், ஓவர் முடிந்ததும் மைக்கில் இரண்டு வார்த்தை பேசுவதென்றும் எல்லப்பன் ஏற்பாடு செய்துவிட்டார். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்டேன். "ஒம்போதுன்னு சொல்லிட்டு எறங்கிடுவேன்" என்றார். திருவிழா அன்று மேடையில் கல்வி அதிகாரி உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் சாராள், அவள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கங்கப்பனுக்கு இருதயம் பலவீனம். மேடு ஏறக்கூட டாக்டர் அனுமதித்ததில்லை. கங்கப்பன் கெஞ்சியதால், "சரி, ஒரே ஒரு ஓவர். அப்புறம் பந்தைத் தொடக் கூடாது" என்று என்னைச் சாட்சி வைத்துச் சொன்னார். அந்த வார்த்தையை நான் எள்ளளவும் மீறவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு சட்டம் சொல்லவேண்டும். பந்து போடுகிறவர் கால் கோட்டைத் தாண்டினால் அது நோ-பால். அம்பயர் கையை நீட்டுவார். அந்தப் பந்து ஆறில் சேராது, மறுபடி போடவேண்டும்.

முதல் ஐந்து பந்துகளும் அழகாக விழுந்தன. கண்ணில் நீர் வந்துவிட்டது எனக்கு; ஐம்பது வயதில் அந்த வேகம். ஆறாவதுக்கு ஓடி வரும்போது அவர் பார்வை ஒரு கணம் மைக் பக்கம் போனது. நான் கையை நீட்டினேன். மறுபடி போட்டார். மறுபடி நீட்டினேன். பிறகு பழகிவிட்டது.

பன்னிரண்டாவது நோ-பாலில் எல்லப்பன் வந்தார். "வாத்தியாரே, காலு உள்ளதானே இருக்குது?" அம்பயர் நீயா நானா என்று கேட்டேன், போய்விட்டார். இருபதாவதில் கங்கப்பன் தண்ணீர் கேட்டார். ஓவர் நடுவில் தண்ணீர் கொடுக்கிற வழக்கம் இல்லை. முடியவில்லை என்றால் பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தொடங்கிய ஓவரை முடிக்காமல் கங்கப்பன் ஒருநாளும் போனதில்லை. இதை என் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறேன், முப்பத்தொன்பதாம் பக்கம். ஒரு மனிதரை முழுக்கப் படித்திருப்பது எவ்வளவு உதவுகிறது பாருங்கள்.

முப்பதாவது நோ-பாலுக்கு அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்றார். உதடு நீலமாகியிருந்தது. பங்குனி வெயிலில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"எதுக்குன்னு தெரியுதுங்க வாத்தியாரே" என்றார். மூச்சு வாங்கியது. "ஆனாலும் ஒம்போதுதாங்க."

திரும்பி நடந்து போய், ஓடி வந்தார். அந்தப் பந்து நடு ஸ்டம்ப்பைப் பெயர்த்துக்கொண்டு போனது. நான் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போதே என் காலடியில் விழுந்தார். ஆகவே அந்த ஓவர் முடியவே இல்லை. சட்டப்படி பார்த்தால் டாக்டர் அனுமதித்ததைவிடக் குறைவாகத்தான் போட்டிருக்கிறார். டீம் அன்று ஜெயித்தது. கல்லும் இப்போது பொய் சொல்லவில்லை. செத்தவருக்கு நட்ட கல்தான்.

அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை விரித்தார், அப்படியே அடங்கிவிட்டார். வெங்கடம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "என்னாங்க சொன்னாரு, என்னா சொன்னாரு" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். பத்து என்றார் அம்மா என்றேன். எல்லாரும் பார்த்தார்கள், பத்து விரலும் நீண்டிருந்தன. இடது கைப் பெருவிரல் முதலில் மடங்கித்தான் இருந்தது. சாகிற மனிதருக்கு விரலை நீட்டத் தெம்பு போதவில்லை, வேறொன்றும் இல்லை. அதை நான்தான் நிமிர்த்திவிட்டேன்.