வால் பக்கத்து சீட்டு

— இன்னொரு தடவை வைங்க அத்தை. கணக்கு இடிக்குது.

— இது என் பை, மாப்பிள்ளை. இந்த டூர் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இதே பைதான். உங்க எடை மெஷினுக்கு மனசு சரியில்லைன்னா அதுக்கு நான் என்ன பண்றது?

— பை அதேதான். உள்ள இருக்கறதுதான் வேற. தப்பா எடுத்துக்காதீங்க, இது சின்ன விமானம், கப்பல் இல்ல. ஷெட்டுக்கு வெளியில நிக்கறாங்களே நம்ம பயணிங்க, அவங்க ஒவ்வொருத்தரையும் ஷூவோட நிக்கவச்சு எடை போட்டாச்சு. அந்த நெட்டை மனுஷர் மூச்சையெல்லாம் வெளியில விட்டுட்டு ஏறி நின்னாரு, எடை குறையும்னு. மாமியாராச்சேன்னு உங்களை மட்டும் விட்டா வானம் ஒத்துக்காது.

— பாருங்க, அந்த அம்மா கேமராவுக்கே தனியா ஒரு பெட்டி வச்சிருக்கா. அதை ஒண்ணும் சொல்லல.

— அவங்க பதிவு பண்ணும்போதே சொல்லிட்டாங்க. உங்க பையில என்ன இருக்குன்னு நீங்கதான் சொல்லல.

— வழிகாட்டியா வர்றவளுக்கு வேண்டியதுதான். தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு ஸ்வெட்டர்.

— தொப்பிக்குள்ள இரும்பு தட்டுப்படுது.

— தையல் மெஷின்.

— சரி.

— தலை மட்டும்தான். பள்ளத்தாக்குல இருக்கற பொம்பளைங்களுக்குத் தைக்கக் கத்துக்குடுக்கலாமேன்னு.

— அவங்க தோலைத் தைச்சுக் கோட்டு போடறவங்க. அதைப் பார்க்கத்தான் இந்த ஜனங்க மலை தாண்டிக் கிளம்பி வந்திருக்காங்க. நீங்க அவங்களுக்கு என்ன, தலகாணி உறை தைக்கக் கத்துக்குடுக்கப் போறீங்களா?

— கத்துக்கிட்டா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?

— மெஷினோட கால் போன ட்ரிப்ல போச்சு. அதுக்கு முந்தி குக்கர். அதுக்கும் முந்தி தலகாணி. அது எடையில தெரியல, ஆனா பை வீங்கியிருந்துச்சு. போகும்போது கனமா போறீங்க, வரும்போது பை காத்தாடுது. நான் பைலட் அத்தை. எடையைப் பார்த்துதான் எனக்குச் சோறு.

— வேவு பாக்குறீங்களா?

— ஆமா. அதுக்குத்தான் லைசென்ஸ் கொடுத்திருக்காங்க.

— கேப்டன் சார், ஒரு நிமிஷம். நாங்க போற எடத்துல மனுஷ நடமாட்டமே அவ்வளவா இருக்காதுன்னு விளம்பரத்துல போட்டிருந்துச்சு. உண்மைதானே?

— உண்மை சார்.

— நல்லது. போன் சார்ஜ் போட எடம் இருக்கும்ல?

— இருக்கு சார். நீங்க போய் விமானத்துக்கிட்ட நில்லுங்க. இறக்கைக்கு அடியில வேணாம், உங்க உயரத்துக்கு இடிக்கும். எங்களுக்கு வேற இறக்கை இல்ல.

— பாவம் மாப்பிள்ளை அவரு. மனுஷங்களே இல்லாத எடமா வேணுமாம்.

— உங்களுக்கு ஒருத்தர் இருந்தா போதும்.

— என்ன சொன்னீங்க?

— ரேடியோவைச் சொன்னேன். அங்க ரன்வேயைப் பாத்துக்கறவர் தினம் காலையில காத்து எந்தப் பக்கம்னு நம்ம ஆபீசுக்குச் சொல்லணும். அரை நிமிஷ வேலை. இப்போல்லாம் முதல்ல காத்து, அடுத்தது மேகம், அப்புறம் "சாப்பிட்டாச்சா", அப்புறம் உங்க முழங்கால் வலி. இந்தப் பக்கம் பறக்கற பைலட்டுங்க அத்தனை பேரும் அதே அலைவரிசையிலதான் இருக்கோம். முழங்காலுக்கு எண்ணெய் வந்துச்சே, யார் அனுப்பினதுன்னு நினைச்சீங்க?

— அந்த சரக்கு விமானத்துப் பையனா?

— அவனேதான். இப்போ எப்படி இருக்குன்னு வேற கேட்டான்.

— பரவாயில்லைன்னு சொல்லுங்க. அதை விடுங்க, எல்லாருக்கும் கேக்கும்னு எனக்குத் தெரியாதா? இந்தக் கையாலதான் அந்த ரேடியோவை வாங்கி மாட்டினேன். பேச ஆரம்பிச்சா மறந்துபோகுது.

— நல்ல மனுஷர் அவர். நான் இறங்கறதுக்கு முன்னாடி ரன்வேயில மேயற மாட்டையெல்லாம் பக்கத்துல போய்ப் பேசிப் பேசி நகத்துவார். ஒண்ணைக்கூட அதட்டினதில்ல. அவரால எனக்கு ஒவ்வொரு தடவையும் ரெண்டு சுத்து பெட்ரோல் வீண்.

— அவரைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே.

— சொல்லல. அதான் கேக்குறேன். இது சீசனோட கடைசி ட்ரிப். இதுக்கப்புறம் பனி உருகற வரைக்கும் அங்க ஒரு குருவி கூட இறங்காது. வால் பக்கத்து சீட்டு உங்களுது. திரும்பும்போது அது காலியா இருந்தா மூக்குப் பக்கம் கனமாயிடும், நான் அங்கயே மண்மூட்டை ரொப்பிக் கட்டணும். அதனால இப்பவே சொல்லிடுங்க. வரும்போது அந்த சீட்டுல நீங்களா, மண்மூட்டையா?

— இது கேக்குற விதமா?

— வேற விதமா எனக்குக் கேக்கத் தெரியல அத்தை.

— மண்மூட்டை.

— சரி.

— சரின்னா?

— கணக்குல சேத்துக்கிட்டேன்.

— உங்களுக்குக் கோபமா மாப்பிள்ளை?

— எனக்கென்ன கோபம். மண்மூட்டை பேசாது. வழி நெடுக "எஞ்சின் சத்தம் ஒரு மாதிரி இருக்கே"ன்னு என் முதுகைச் சுரண்டாது.

— நல்லதுக்குத்தானே சுரண்டினேன்.

— ரெண்டு தடவை நிஜமாவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அதான் இப்போ பிரச்சனை.

— பாருங்க, நான் பயப்படறது உங்களுக்கு இல்ல. என் மகளுக்கு. அவ அப்பா போய் இத்தனை நாளாச்சு, இன்னும் அவரோட சட்டையை பீரோவுல மாட்டி வச்சிருக்கா. அவகிட்டப் போய், அம்மா இனிமே வேற ஒருத்தரோட இருக்கப் போறேண்டின்னு எந்த வாயால சொல்றது? தொண்டை வரைக்கும் வரும். அப்பப் பார்த்து பக்கத்துல வந்து உக்காந்து "காலைப் பிடிச்சு விடட்டுமாம்மா"ன்னு கேப்பா. முழுங்கிடுவேன். சரி, இன்னொரு நாள் சொல்லிக்கலாம், இன்னிக்கு குக்கரை மட்டும் கொண்டுபோவோம்னு கிளம்பிடுவேன். சொல்ற தைரியம் வர்றதுக்குள்ள பாதி வீடு போய்ச் சேந்துடுச்சு.

— இன்னிக்கு மட்டும் தைரியம் எங்கேர்ந்து வந்துச்சு?

— சிரிக்கக் கூடாது.

— நான் எப்போ அத்தை சிரிச்சிருக்கேன்?

— அதுவும் சரிதான். கல்யாண போட்டோவுலயே இல்ல. கேளுங்க, போன வாரம் ரேடியோவுல அவர் சொன்னாரு. அங்க யாரோ ஒரு மடக்குக் கட்டில் அனுப்பியிருக்காங்களாம். நான் வந்தா இருக்கட்டும்னு உள் ரூம்ல போட்டு வச்சிருக்காராம். சுவரை ஒட்டி, மாப்பிள்ளை. தலைமாட்டுல ஜன்னல் வராம. சின்ன வயசுலேர்ந்து நான் அப்படித்தான் படுப்பேன், இல்லைன்னா விடிய விடிய முழிச்சுக்கிட்டே கிடப்பேன். அவர்கிட்ட அதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. உங்க மாமாவுக்கே அது மண்டையில ஏற எத்தனையோ வருஷம் ஆச்சு. இந்த மனுஷருக்கு என்னை முன்னாடியே தெரிஞ்சிருக்குன்னு தோணிச்சு. அங்கயே முடிவு பண்ணிட்டேன்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. போய் ஏறுங்க. மெஷினை நான் தூக்கிட்டு வர்றேன். என்னோட டூல் பெட்டியை இறக்கிட்டேன், கணக்கு சரியாயிடும். போகும்போதாவது எஞ்சின் சத்தம் கேக்க ஆள் இருக்கே.

— அவகிட்ட நீங்கதான் பக்குவமா சொல்லணும்.

— நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல.

— அது எப்படி? வீட்டுல தேடி அழமாட்டாளா?

— ஏற்கெனவே அழுதாச்சு. அந்தக் கட்டிலைக் கயிறு போட்டுக் கட்டி என் விமானத்துல ஏத்தினவளே அவதான் அத்தை. நீங்க கடைக்குப் போயிருந்தப்போ ரேடியோவுல அவர் கூப்பிட்டு, இதை எந்தப் பக்கம் போடறதுன்னு கேட்டாரு. "சுவரை ஒட்டிப் போடுங்க, தலைமாட்டுல ஜன்னல் வேணாம், அம்மாவுக்குத் தூக்கம் வராது"ன்னு சொன்னது உங்க மக.