நின்றுபோன ஃபேனின் துடிப்பு

தம்பி: ஐயோ அண்ணி, சிப்பைத் தலைகீழா குத்தியிருக்கீங்க. புள்ளி இருக்கிற பக்கம்தான் ஒண்ணாம் காலு.

அண்ணி: எட்டுக் காலும் ஒரே மாதிரிதானேப்பா இருக்கு... பூச்சி மாதிரி.

தம்பி: பூச்சியேதான். தப்பா கரண்டு குடுத்தா செத்துப்போயிடும். கழட்டுங்க. மெதுவா... மெதுவா... காலு மடங்கிடப் போகுது.

அண்ணி: ம்... இப்ப?

தம்பி: இப்ப சரி. ஒண்ணாம் காலு பேட்டரியோட கறுப்பு வயருக்கு. எட்டாம் காலு சிவப்புக்கு. நாலாம் காலையும் சிவப்போட சேருங்க.

அண்ணி: நாலு எதுக்கு?

தம்பி: அதைக் கவனிக்காம விட்டா, நினைச்ச நேரத்துல வேலையை நிறுத்திடும். கோவக்கார மாமனார் மாதிரி. மரியாதை குடுத்து ஒரு இடத்துல உக்கார வெச்சிடணும்.

அண்ணி: எங்கப்பாவைத்தானே சொல்றே?

தம்பி: நான் பொதுவா சொன்னேன்... ரெண்டையும் ஆறையும் ஒரு வயரால சேருங்க. அண்ணி, ஒண்ணு கேக்கவா? திடீர்னு இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?

அண்ணி: கத்துக்கலாமேன்னுதான். சும்மா உக்காந்திருந்தா சுவரையே பாத்துக்கிட்டிருக்கேன்.

தம்பி: அதுக்குத் தையல் மெஷின் இருக்கே.

அண்ணி: ஏன், பொம்பளை தொட்டா உன் சிப்பு ஓடாதா?

தம்பி: அய்யய்யோ, நான் அப்படிச் சொல்...

அண்ணி: அப்ப சொல்லிக்குடு. இந்தக் கெப்பாசிட்டர் என்ன பண்ணும்?

தம்பி: அதை ஒரு சின்னக் குடம்னு வெச்சுக்கோங்க. இந்த ரெண்டு ரெசிஸ்டர் வழியா கரண்டு கொஞ்சம் கொஞ்சமா நிறையும். மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதும் சிப்பு திறந்துவிட்டுடும். ஒரு பங்குக்கு இறங்கினதும் மறுபடி நிரப்பும். நிறையறப்ப மூணாம் கால்ல கரண்டு இருக்கும். வடியறப்ப இருக்காது.

அண்ணி: இருக்கு, இல்லை... இருக்கு, இல்லை.

தம்பி: அவ்வளவுதான் விஷயம். வரைஞ்சு பாத்தா கோட்டை மதில் மாதிரி ஏறி, இறங்கி, ஏறி... சதுர அலைன்னு சொல்லுவாங்க.

அண்ணி: உங்க ஃபேக்டரி தொட்டியிலேருந்து விஷக்காத்தை வெளியேத்தற ஃபேன் ஒரு சுத்து சுத்தினா, கண்ட்ரோல் ரூமுக்கு இப்படி ஒரு துடிப்பு போகும். இல்லையா?

தம்பி: அந்த ரெசிஸ்டரை எடுங்க அண்ணி.

அண்ணி: உன்னைத்தான் கேக்கறேன்.

தம்பி: ...ஆமா.

அண்ணி: துடிப்பு வந்துக்கிட்டிருந்தா பச்சை விளக்கு. நின்னா சிவப்பு. சிவப்பு எரிஞ்சா யாரும் தொட்டியைக் கழுவ இறங்கக் கூடாது.

தம்பி: இதையெல்லாம் யாரு சொன்னா உங்களுக்கு?

அண்ணி: யாரு சொன்னா என்ன? உங்க அண்ணன் அந்த விஷக்காத்துல மூச்சு முட்டிச் செத்தப்பவும் பச்சைதான் எரிஞ்சுதாம். ஃபேன் ஓடிச்சு, அவரு நெஞ்சுதான் பலவீனம்னு மேனேஜர் சாதிக்கறாரு.

தம்பி: நடந்தது நடந்துபோச்சு அண்ணி...

அண்ணி: நாளைக்கு ஃபேக்டரியில நடக்கற விசாரணைக்கு இதை எடுத்துக்கிட்டுப் போறேன். அந்த ஆபீசர் முன்னாடி ஃபேன் வயரைப் பிடுங்கிட்டு இதை மாட்டப் போறேன். நின்ன ஃபேனுக்கும் பச்சை எரியும்னு அவரு கண்ணால பாக்கட்டும்.

தம்பி: வேண்டாம்.

அண்ணி: வேலை போயிடும்னு பயமா?

தம்பி: வேலை கிடக்குது கழுதை.

அண்ணி: அப்புறம் என்ன? அடுத்த வாரத்துலேருந்து அதே தொட்டியில இறங்கப்போறது யாரு?

தம்பி: யாரோ இறங்கறாங்க...

அண்ணி: அத்தை அழுதுக்கிட்டே சொன்னாங்க. உன் பேருதான் போட்டிருக்காங்கன்னு.

தம்பி: ஃபேனை மாத்திட்டாங்களாம் அண்ணி.

அண்ணி: மாத்தினதை நீ பாத்தியா?

தம்பி: ...பச்சை எரியுது.

அண்ணி: எரியும், எரியும். அந்தக் கெப்பாசிட்டரை இப்படிக் குடு. ஒரு கால் ரெண்டுல. இன்னொரு கால்?

தம்பி: கறுப்புல... அண்ணி, நில்லுங்க. கையை எடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க.

அண்ணி: சொல்லு.

தம்பி: இந்த மாதிரி ஒண்ணு இருக்கு. கண்ட்ரோல் ரூம் பேனலுக்குப் பின்னாடி. நான் பாத்தேன். மறுநாளே அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியை மேனேஜர் எடுத்துக்கிட்டான். ஆபீசர் வர்றதுக்குள்ள கழட்டி எறிஞ்சிடுவான்.

அண்ணி: அதனாலதான் நான் ஒண்ணு செய்யறேன்.

தம்பி: செஞ்சு காட்டினா முதல்ல என்ன கேப்பாங்க? இந்தக் களவாணித்தனத்தைச் செஞ்சது யாருன்னு கேப்பாங்க. மேனேஜருக்கு ஃபியூஸ் போடக்கூடத் தெரியாது. அந்த ஃபேக்டரியில இது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நான் செய்யலை.

அண்ணி: இந்த விளக்கை மூணாம் காலுக்குத்தானே குடுக்கணும்?

தம்பி: அண்ணி! புரியலையா உங்களுக்கு? அண்ணன்... அண்ணனோட ஈயப் பத்தவைப்பு எனக்குத் தெரியாதா? புது ஃபேன் வர்ற வரைக்கும்னு சொல்லி, அவரு கையாலயே செய்ய வெச்சிருக்காங்க. ஓடாத ஃபேனுக்குக் கீழ வேற எவனையும் அனுப்ப மனசு வராம அவரே இறங்கியிருக்காரு. வெளிய தெரிஞ்சா ஊரே அவரைத்தான் காறித் துப்பும்.

அண்ணி: அதுக்காக நீயும் வாயை மூடிக்கிட்டு இறங்கப் பாத்தே.

தம்பி: மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு சட்டுனு ஏறிடலாம்னு...

அண்ணி: அவரும் இதையேதான் சொன்னாரு.

தம்பி: அவரு... உங்ககிட்டயா? அண்ணி, அப்ப உங்களுக்கு...

அண்ணி: இதே மேஜையிலதான் செஞ்சாரு. கண்ணு சரியாத் தெரியலைன்னாரு, பக்கத்துல நின்னு டார்ச் அடிச்சது நான். நாளைக்கு அவரு பேரையும் என் பேரையும் சேத்துத்தான் சொல்லப் போறேன். துப்பறவங்க துப்பிட்டுப் போகட்டும்... பேட்டரியைக் குடு.