முப்பது ராத்தல்

ரப்பர் சட்டையை மடித்து வைக்கும் முன்னால் கழுத்திலும் மணிக்கட்டிலும் முகப்பவுடர் தடவ வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டிக்கொண்டு கிழியும். சில வருசம் அதுதான் என் வேலை. பவுடர் வாசனை வந்தாலே எங்கள் வீட்டில், "அப்பா குட்டைக்குக் கெளம்பிடுச்சு" என்பார்கள்.

குட்டை என்றால் கல்குவாரிக் குட்டை. திருத்தணியைச் சுற்றி, வெட்டி முடித்துக் கைவிட்ட குவாரிகளில் மழைத்தண்ணி நின்று இரண்டு பனைமர ஆழம் கிடக்கும். கம்ப்ரசரோ லாரியோ உள்ளே விழுந்துவிட்டால் என் தங்கை கன்னியம்மாளின் புருசன் பங்காரு பாவாவைத்தான் கூப்பிடுவார்கள். பாவா விசாகப்பட்டினம் துறைமுகத்தில் முக்குளித்தவர். அடித்தண்ணி எலும்பைக் குடைகிற குளிர். அதனால் தண்ணி புகாத அந்தச் சட்டையை அங்கிருந்து பழசாக வாங்கி வந்தார்.

அந்தச் சட்டையில் ஒரு சங்கதி இருக்கிறது, ஐயா. உள்ளே காத்து நிற்பதால் ஆள் மிதப்பான். முழுக வேண்டுமென்றால் இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். சட்டை கிழிந்து தண்ணி பூந்துவிட்டால், அந்த ஈயத்தையும் ஆளையும் முதுகில் கட்டி, மூச்சு சிலிண்டரிலிருந்து ஊதிக்கொள்கிற காத்துப் பைதான் தூக்கியாக வேண்டும். பை சின்னதாக இருந்தால் தூக்காது. ரொம்பப் பெரிசாக இருந்தால் பொசுக்கென்று மேலே கொண்டு வந்து நெஞ்சைக் கிழித்துவிடும். கட்டுகிற ஈயத்துக்குத் தக்கபடி பை இருக்க வேண்டும்.

சட்டையோடு இரண்டு பை வந்தது. சுருட்டி வைத்தால் பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஓரத்தில் மட்டும் எவ்வளவு பாரம் தூக்கும் என்று அச்சடித்திருந்தது. பாவாவுக்கு எழுத்து தெரியாது. நான் நாற்பது வயசுக்கு மேல், அறிவொளி ராத்திரி வகுப்பில் உட்கார்ந்து கற்றவன்.

என் மகன் இளங்கோவன் அப்போது ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால், முற்றத்தில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"மச்சான், எனக்கு முட்டி வுட்டுப்போச்சு. இப்ப குட்டையில வுழுந்துகீற லாரியோட செரி. அடுத்த தபாவுலேர்ந்து உன் புள்ள எறங்கட்டும்" என்றார் பாவா.

"அவன் படிச்சிகினு இருக்கான், பாவா."

"படிச்சி? உன்னை மாதிரி பஸ் போர்டு படிக்கவா? தண்ணிக்குள்ள பேனா எழுதாது மச்சான்."

இளங்கோவன் சிரித்தான். "மாமா சொல்றது கரெக்டுதாம்பா."

எனக்குக் கோபம் வரவில்லை. அலுப்பாக இருந்தது. அப்புறமும் பாவாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். தங்கையிடம் சொன்னேன். இளங்கோவனிடமும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பாவா எந்தக் குட்டையிலாவது போய்ச் சேர்ந்துவிட்டால் பையன் பயந்து படிப்போடு நின்றுகொள்வான் என்று தோன்றியது. ஒரு தகப்பனுக்கு அப்படித் தோன்றுவது ஞாயம்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

லாரி விழுந்த குட்டை கனகம்மாசத்திரம் ரோட்டுக்கு உள்ளே இருந்தது. கிரேன் எதிர்க்கரையில் நின்றது. இந்தப் பக்கம் நானும் பாவாவும் மட்டும்.

"ஆழம் ஜாஸ்தி மச்சான். ஈயமும் ஜாஸ்தி, கையில கொக்கி வேற. பெரிய பையா குடு. எது பெருசு?"

நான் இரண்டையும் தூக்கிக் காட்டினேன். "இதுல இருவதுன்னு போட்டுகீது. இதுல முப்பது."

"அப்பறம் இன்னா, முப்பதைக் கட்டு."

கட்டினேன். நான் பொய் சொல்லவில்லை. பவுடர் தடவும்போது கழுத்து ரப்பரில் விரிசல் தெரிந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். சட்டை முழுக்கத் தண்ணி. குவாரி இஞ்சினியர் பைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். இருபது என்றது கிலோ, முப்பது என்றது எல்.பி. முப்பது எல்.பி. பதிமூன்றரைக் கிலோதான் தூக்குமாம். பாவாவை இழுத்த பாரம் பதினெட்டுக் கிலோ இருக்கும். "அரைகுறைப் படிப்புங்க, பாவம்" என்று போலீசாரிடம் எனக்காகப் பேசினார்.

கன்னியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ இன்னா பண்ணுவே அண்ணா. இங்கிலீசு எழுத்து உனக்குத் தெரியுமா?"

தெரியாது. ஆனால் எல்.பி. தெரியும். பதினைந்து வயசிலிருந்து பொதட்டூர்ப்பேட்டைத் தறிக்காரர்களுக்கு நூல் கட்டு சுமந்தவன் நான். கட்டுக்குக் கட்டு அந்த இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். பத்து எல்.பி. என்றால் பத்து ராத்தல், நாலரைக் கிலோ. படிக்கத் தெரிவதற்கு முன்னாலேயே என் பிடரிக்கு அந்தக் கனம் தெரியும். எது பெரிய பை என்பது வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இளங்கோவன் இன்று கே.ஜி.கண்டிகையில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறான். குட்டைப் பக்கம் போவதில்லை. நான் நினைத்தது நடந்தது. பைதான் தூக்கவில்லை, பைதான் தூக்கவில்லை என்று இத்தனை வருசம் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஆனால் இறங்குகிற ஆளின் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், ஐயா. அதன் மறுமுனை கரையில் இருப்பவன் கையில். மூன்று தபா சுண்டினால் தூக்கு என்று அர்த்தம். பாவா மூன்று தபா சுண்டினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு மூன்று. அப்புறம் கணக்கில்லாமல் சுண்டினார். கயிறு பாறையில் சிக்கிக்கொண்டது என்று போலீசில் சொன்னேன். எங்கேயும் சிக்கவில்லை. பதினெட்டில் பதிமூன்றரையைப் பை தாங்கிக்கொண்டுதான் இருந்தது. மீதி, கிணற்றில் அரைக்குடம் தண்ணி சேந்துகிற பாரம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இழுத்திருக்கலாம். கயிறு ஓய்கிற வரைக்கும் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.