எரிமலைக் கோட்டைக்கு ஏழு கண்டனம்

ஜோதிலட்சுமி: அந்த அலமாரியில தேடாதீங்க சார். ‘எரிமலைக் கோட்டை’ எங்கிட்ட இருக்கு.

ஞானசேகரன்: உங்கிட்டயா... அப்ப சரி. நான் கெளம்பறேன்.

ஜோதிலட்சுமி: கடலூர்லேர்ந்து பஸ் ஏறி இந்த வாசகசாலைக்கு வந்துட்டு, உக்காராமப் போனா எப்பிடி? இதுல கடைசி வெத்துப் பக்கத்துல வாசகருங்க கருத்து எழுதியிருக்காங்க. கேளுங்க. “ஆறு குண்டுத் துப்பாக்கியால் கேப்டன் நாற்பது முறை சுடுகிறார். வெட்கக்கேடு. அறிவழகன், குறிஞ்சிப்பாடி.”

ஞானசேகரன்: நியாயமாத்தான் கேட்டிருக்காரு.

ஜோதிலட்சுமி: “மூவாயிரம் வருடம் வெளியுலகமே பார்க்காத ராணி, கேப்டனைக் கண்டதும் காதல் பேசுகிறாள். குடும்பப் பெண்கள் தொடக்கூடாத நூல். ராசம்மாள், பண்ருட்டி.”

ஞானசேகரன்: அந்தம்மாவுக்குக் கோவம் ஜாஸ்தி போல...

ஜோதிலட்சுமி: மொத்தம் ஏழு பேரு. ஏழு பேருக்கும் ஒரே பச்சைப் பென்சில். இந்தப் பேருல ஒரு மெம்பரும் நம்மகிட்ட கெடையாது.

ஞானசேகரன்: வெளியூர்க்காரங்க யாராவது வந்து எழுதியிருப்பாங்க.

ஜோதிலட்சுமி: சார்.

ஞானசேகரன்: சரிம்மா. நான்தான்.

ஜோதிலட்சுமி: அவ்ளோ புடிக்காதா இந்தக் கதை?

ஞானசேகரன்: புடிக்காதா? கோட்டை எரியுது, கேப்டன் கூப்புடறான், ராணி வர மாட்டேங்கறா. சனத்த வுட்டுட்டு எங்க வர்றதுன்னு அங்கயே நிக்கறா பாரு... எத்தினி வாட்டி படிச்சாலும் அந்தப் பக்கத்தத் தாண்ட மனசு வரல எனக்கு.

ஜோதிலட்சுமி: அப்பறம் ஏன் இப்பிடிக் கழுவி ஊத்தறீங்க?

ஞானசேகரன்: மூணு வருஷம் யாரும் எடுக்காத புத்தகத்த எடைக்குப் போடுவோம்னு நோட்டீஸ் ஒட்டுனது நீதான? நல்லாருக்குன்னு எழுதுனா எவன் தொடுவான்? தொடாதன்னு எழுதணும். அப்பதான் கை வைப்பான்.

ஜோதிலட்சுமி: எடைக்குப் போடறப்ப நீங்களே வாங்கிக்கலாமே.

ஞானசேகரன்: எம் பீரோவுல பூட்டி வெச்சி என்ன பண்ண? நாந்தான் படிச்சிட்டனே. இன்னொருத்தரு படிக்கணும்மா, அதான் எனக்கு வேணும். இப்ப பாரு, ஆறு மாசத்துல ரெஜிஸ்டர்ல ஒம்போது பேரு எடுத்திருக்காங்க. நான் போட்ட திட்டம் தப்புமா?

ஜோதிலட்சுமி: அந்த ஒம்போது பேரு...

ஞானசேகரன்: ம்... சொல்லு.

ஜோதிலட்சுமி: எங்க நாத்தனாரு, கொழுந்தனாரு, பெரியப்பா மவன்... எல்லாம் எங்க வீட்டு ஆளுங்க சார். பேரு எழுதுனது நான். மாசாமாசம் வந்து, புத்தகம் இருக்கான்னு பாத்துட்டு, அதோட முதுகத் தட்டிக் குடுத்து வெச்சிட்டுப் போறீங்க. எனக்கு மனசு கேக்கல.

ஞானசேகரன்: அப்ப... ஒருத்தருமே படிக்கலியா?

ஜோதிலட்சுமி: ஒருத்தரு படிச்சாரு. எங்க வீட்டுக்காரரு, பண்ருட்டியில பலாப்பழ லாரி ஓட்டறவரு. நீங்க திட்டுனதப் பாத்துட்டு, அப்பிடி என்னதான் இருக்குன்னு எடுத்துட்டுப் போனாரு. போன வாரம் லோடு எறக்கற எடத்துலேர்ந்து போன் போட்டு, அந்தப் பொண்ணு வரவே இல்ல ஜோதின்னு ஒரே அழுவ சார்.