ஹாரன் ரிலே

“ஹலோ… பாப்… சொல்லுங்க சார். ம். சொல்லுங்க, கேக்குது.”

கார் எலெக்ட்ரீஷியன் பாதி வார்த்தையை அப்படியே விழுங்கினார். கூப்பிடுவது தங்கை. தங்கையைக் கட்டியவரோ கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு, காலை நீட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்த்தாராம். வந்தவர் நகர்கிற பாடாக இல்லை. இது அவளுக்கு எப்படித் தெரியும்?

“இல்ல, உங்களத்தான் சார். கடையில நம்ம மாப்பிள்ளை வந்திருக்காரு, டீ குடிச்சிட்டிருக்காரு… ஆமா. ஆமா, இப்பத்தான் வந்தாரு… அதுக்கு ஏன் வைக்கிறீங்க? வைக்காதீங்க. வண்டிக்கு என்னன்னு சொல்லுங்க… எடுக்கலயா.”

அவருக்குப் புரிந்துவிட்டது. ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த ஒருநாள் இன்றைக்குத்தான். வீட்டில் நிற்கிற அந்தப் பழைய கார் இப்போது கிளம்பாவிட்டால், மாப்பிள்ளை திரும்பி வரும்போது பெட்டியும் கையுமாக மாட்டிக்கொள்வாள்.

“சாவிய ஒரு படி திருப்புங்க சார். முழுசா வேணாம். சிவப்பு லைட்டெல்லாம் வருதா?… பேட்டரி படம் போட்டது ஒண்ணு, எண்ணெய்க் கேன் மாதிரி ஒண்ணு… மங்கலாவா, பளிச்சுனா?… பளிச்சுனு எரிஞ்சா பேட்டரியில உயிர் இருக்கு. இப்ப முழுசா திருப்புங்க… ஒண்ணுமே இல்லயா? டக்குனு ஒரு சத்தம்கூட?… சரி. சரி, அழாதீங்க சார்.”

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார்.

“ஒண்ணுமில்ல மாப்ள, கஸ்டமர். சில பேருக்கு வண்டி நின்னா மூச்சே நின்ன மாதிரி.”

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்தால் தங்கமான மனுஷர் என்றுதான் யாரும் சொல்வார்கள். அவள் விரல் இரண்டு உடைந்து கட்டுப் போட்டிருப்பதற்குக் கூட, பாத்ரூமில் வழுக்கிவிட்டாள் என்று இதே சிரிப்போடுதான் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்; எலெக்ட்ரீஷியனும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“பானெட்டத் திறங்க… ஓரத்துல கறுப்புப் பெட்டி இருக்கும், மூடிய நெம்புங்க… கட்டு அவுந்தா அவுரட்டும், பாத்துக்கலாம். உள்ள சின்னச் சின்னதா கறுப்புக் கட்டை நட்டு வெச்சிருக்கும். எல்லாம் இருக்கா?… ஒரு குழி காலியா? நல்லாப் பாருங்க, கீழ எங்கயாச்சும் விழுந்திருக்கா?… விழல.”

விழவில்லை. மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தார். தீப்பெட்டியில் பாதி அளவு, கறுப்பு, நாலு கால். ஸ்டார்ட்டர் ரிலே. அதைக் கழற்றி வைத்துக்கொண்டால் யாரும் வண்டியை எடுக்க முடியாது, திருட்டுப் பயமே இருக்காது மாப்ள, என்று சொல்லிக்கொடுத்தவர் யார்? இந்த மகானுபாவர்தான். சொந்தச் செலவில் தங்கைக்குச் சூனியம் வைத்திருக்கிறார்.

இதற்கு வழி உண்டு, அதுவும் சுலபமான வழி. ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெளியே போய்ப் பேசலாமென்றால் வாசலை அடைத்து அந்தக் கால் நீண்டிருந்தது.

“சார்… கவனமாக் கேளுங்க. ஹாரனுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருக்கும். மூடிக்கு உள்பக்கம் ஹாரன் படம் போட்டிருக்கும் பாருங்க… அதேதான். அதப் புடுங்கி காலிக் குழில சொருகுங்க… ஆமா, ஹாரன் அடிக்காது. போகட்டும். வண்டி ஓடும்.”

தட்டுகிற சத்தம் நின்றது. மாப்பிள்ளை கையிலிருந்ததைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார். யார் வண்டி என்று கேட்டார்.

“ஒரு… ஒரு டீச்சர் வண்டி மாப்ள… ஹலோ? வருதா? கட்டைய ஆட்டி ஆட்டி இழுங்க. வலிக்கும், இழுங்க… வந்திருச்சா. சொருகிட்டீங்களா? சாவியப் போடுங்க.”

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை தன் போனை எடுத்தார்.

“கேக்குது, கேக்குது. எடுத்திருச்சு… எது அணையல? பேட்டரி லைட்டா?… அது சார்ஜ் ஏறலன்னு அர்த்தம். இருக்கிறத வெச்சுத்தான் ஓடும். ஏசி, ரேடியோ எதையும் போடாதீங்க. வழியில எதுக்காகவும் ஆஃப் பண்ணிடாதீங்க, மறுபடி எடுக்காது… என்ன? யாரு கூப்பிடறாங்க?… எடுக்காதீங்க. வேணாம். எடுக்காதீங்க.”

மாப்பிள்ளையின் போனிலிருந்து பதிவு செய்த பெண்குரல், நீங்கள் அழைத்தவர் வேறொரு அழைப்பில் இருக்கிறார் என்று தேனொழுகச் சொன்னது. அவர் துண்டித்துவிட்டு மறுபடி போட்டார். அது மறுபடியும் சொன்னது. ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கையை நீட்டி, போனைக் கொடு என்றார்.

எலெக்ட்ரீஷியன் பெஞ்சுக்குப் பின்னால் ஒதுங்கினார். இனி எதற்கு அந்த ‘சார்’?

“பாப்பா, கேட்டு திறந்திருக்கா?… அப்ப கிளம்பு. இங்க வராத. நம்ம வீட்டுக்கும் போகாத, முதல்ல அங்கதான் தேடுவாரு… எங்கன்னு எங்கிட்ட சொல்லாத. வேணாம் பாப்பா, சொல்லாத. உங்கண்ணன் பயந்தாங்கொள்ளி, உனக்கே தெரியும். அடிச்சுக் கேட்டா நான் சொல்லிடுவேன்… ஆமா. ஆமா, அழறேன்தான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

மாப்பிள்ளை அவர் கையை முறுக்கிப் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தபோது, அவள் எங்கே என்று எதுவும் சொல்லாமலே வைத்துவிட்டிருந்தாள்.