இரண்டு தட்டு

இரவு ஒன்றே கால் மணி. மலை இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வளைவு, வண்டிகள் ஒதுங்கி நிற்கக் கொஞ்சம் இடம். முன்னாலும் பின்னாலும் ஒரு ஈ காக்கை இல்லை... அங்கே ஒரு பிக்கப் நிற்கிறது, பின்னால் டிரெய்லரோடு. இன்ஜின் ஓடுகிறது. ஆனால் வண்டி நகரவில்லை.

கிட்ட வந்து உட்காருங்கள். அந்த செல்போனை உள்ளே வையுங்கள் ஐயா. கதை கேட்கிறீர்களா, என் மூஞ்சியில் டார்ச் அடிக்கிறீர்களா? மழை விட்டால்தான் உங்கள் டயரில் கை வைப்பேன், அதுவரைக்கும் எங்கேயும் போக முடியாது. இது நானாகக் கட்டிவிட்டதில்லை. கிரேன் ஓட்டுகிற என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பனுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாட்டத்தில் அவன் மூஞ்சியைப் பார்த்தே எல்லாரும் ஜெயித்துவிடுவார்கள்.

மாமா என்றுதான் அவன் சொல்வான், நானும் அப்படியே சொல்கிறேன். பழைய இயந்திரங்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது மாமாவின் தொழில். அக்காவும் கூடவே போவாள். ஓட்டுவது மாமா, சரிபார்ப்பது அக்கா. வண்டியையும் டிரெய்லரையும் இணைக்கிற கப்ளிங் பூட்டியிருக்கிறதா, அதன் பூட்டு ஊசி சரியாக விழுந்திருக்கிறதா, இரண்டு சங்கிலியும் குறுக்காக மாட்டியிருக்கிறதா, பாரத்தைக் கட்டிய பெல்ட் இறுக்கமா, பின்விளக்கு எரிகிறதா... ஒரு சுற்று வருவாள். எல்லாம் சரி என்றால் டிரெய்லரின் பக்கத் தகட்டில் உள்ளங்கையால் தட்டுவாள். டப், டப். அந்த இரண்டு தட்டு விழாமல் மாமா கியரைத் தொட மாட்டார். பதினான்கு வருடம் அப்படித்தான் ஓடியது.

ஒரு நாள் ஜெனரேட்டர் ஒன்று. ஏற்றியவர்கள் கனமான பக்கத்தைப் பின்னால் வைத்துவிட்டார்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாரம் முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கவேண்டும். பின்னால் போனால் இறக்கத்தில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்துவிடும்.

"இறக்கி மாத்திப் போட்டுடலாங்க. ஒரு மணி நேரந்தானே ஆகும்?" என்றாள் அக்கா.

மாமாவுக்கு அன்றைக்கு என்ன எரிச்சலோ. நாலு ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் வேறு. "எல்லாம் உனக்குத்தான் தெரியுமா? வாயை மூடிட்டு வந்து ஏறு!"

அக்கா தட்டவில்லை. வந்து ஏறிக்கொண்டாள். மாமாவும் காத்திருக்கவில்லை... அந்த ஒரு நாள் மட்டும்.

இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. மாமா பதறிப்போய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். செய்யவே கூடாத வேலை. பின்னால் இருந்த பாரம் வண்டியைத் தள்ளிப் புரட்டிவிட்டது. மாமாவுக்கு நெற்றியில் நாலு தையல். அக்கா அந்த இடத்திலேயே போய்விட்டாள். அவளிடம் கடைசியாகப் பேசியது அந்தப் பேச்சு. எப்படி ஐயா தாங்குவான் ஒரு மனுஷன்?

ஒரு வருடம் வண்டியைத் தொடவில்லை. அப்புறம் வயிறு என்று ஒன்று இருக்கிறதே, தொட்டார். தானே சுற்றிப் பார்ப்பார், தானே தட்டிக்கொள்வார். "என் கைக்கு அந்தச் சத்தம் வரலடா," என்பாராம் நண்பனிடம். "ஒரே ஒரு தடவை அவ தட்டினா போதும். என்மேல கோபம் இல்லேன்னு தெரிஞ்சிக்குவேன்."

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். அதே இறக்கம். ஒரு பெரிய தண்ணீர் மோட்டாரை ஏற்றிக்கொண்டு தனியாக வந்தவர், பெல்ட்டைப் பார்க்க ஒதுக்கினார். பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்...

பின்னால் சங்கிலி குலுங்கியது.

காற்று என்று நினைத்தார். காற்றே இல்லை. அப்புறம் பெல்ட் இறுக்குகிற சத்தம்... டிக்... டிக்... டிக். நிதானமாக. அப்புறம் சரளைக் கல்லில் காலடி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு. கண்ணாடியில் பார்த்தால் ஆள் இல்லை, பின்விளக்கின் சிவப்பு மட்டும். மூடிய கேபினுக்குள் கிரீஸும் எலுமிச்சை சோப்பும் கலந்த வாசனை. வேலை முடிந்ததும் அக்கா கை கழுவுகிற சோப்பு அது.

மாமா பயப்படவில்லை. கதவுக் கண்ணாடியை இறக்கி, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டாராம்.

காலடி நின்றது. தட்டு விழவில்லை.

இறங்கிப்போய் மறுபடி பார்த்தார். ஒரு குறை இல்லை. ஏறி உட்கார்ந்தார். மறுபடியும் சங்கிலி, பெல்ட், காலடி... தட்டு மட்டும் இல்லை. கடைசியில் நண்பனுக்குப் போன் போட்டார். "உங்கக்கா சுத்திச் சுத்தி வர்றாடா. தட்ட மாட்டேங்கிறா. அவ தட்டாம நான் இந்தத் தடவ நகர மாட்டேன்."

நண்பன் பைக்கில் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. வளைவுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்தான். "தப்புதாம்மா... தப்புதாம்மா..." என்று மாமா அழுவது கேட்டது. இவன் கண்ணில் வேறு எதுவும் படவில்லை, காதிலும் விழவில்லை. ஆளுக்குப் புத்தி பிசகிவிட்டது, விடிவதற்குள் ஏதாவது செய்துகொள்வார் என்று பயந்துபோனான். அக்கா மாதிரி நாமே தட்டிவிட்டால் என்ன? குனிந்து இருட்டோடு இருட்டாக டிரெய்லர் ஓரமாகப் போனான்.

டப்.

அழுகை நின்றது.

டப்.

உள்ளே ஓவென்று ஒரு சத்தம்... அழுகையா, சிரிப்பா, தெரியவில்லை. கியர் விழுந்தது. வண்டி மெதுவாக, பூப்போல இறக்கத்தில் இறங்கிப் போனது. அன்றைக்கு வீட்டுக்குப் போன மாமா பகல் முழுக்கத் தூங்கினாராம். இப்போதெல்லாம் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

"நல்ல காரியம்டா செஞ்சே," என்று நான் நண்பனின் தோளில் கை போட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் ஒண்ணுதான்டா தட்டினேன்," என்றான். "செத்துப்போன அக்கா பேர்ல பொய் சொல்றோமேன்னு ரெண்டாவதுக்குக் கை எழும்பல. அப்படியே தகட்டுமேல வச்சிட்டு நின்னேன். ரெண்டாவது... தகட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு, சரியா என் கைக்கு நேரா. தகடு முழுக்கப் பனியில சில்லுனு கிடந்துச்சுடா. அந்த ஒரு இடம் மட்டும் சூடா இருந்துச்சு."