துல்லியோ நிற்கும் இடம்

—அசையாம நில்லு துல்லியோ. காலர்ல போடற ஊசி கழுத்துல ஏறிடப் போகுது.

—ஏறட்டும். பிரபு அவையில இருக்கற கவிஞன் கழுத்துக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு காத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

—வசனத்தை எங்கிட்ட பேசாதே. அந்த வரியை மட்டும் ஒரு தரம் சொல்லு பாப்போம்.

—எந்த வரி?

—எந்த வரியாம். பிரபு கிண்ணத்தைத் தூக்கி, என் புகழைப் பாடுன்னு சொன்னதும் நீ எழுந்து சொல்றியே, அது. தினம் மறக்கிறியே, அது.

—சத்தியமா இப்பத்தான் நாக்குல இருந்துச்சு.

—ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இப்படி ஒரு கவிஞன் இருந்தான்னு நீயே கற்பனை பண்ணினே. நாடகத்தை நீயே எழுதினே. அந்த ஒத்தை வரி மட்டும் உனக்கு நிக்க மாட்டேங்குது.

—அந்த வரி வெறும் முகஸ்துதி, ஓர்னெல்லா. எழுதறதுக்கு வந்துது, தங்க மாட்டேங்குது சத்தியமா. அதான் மேடைக்கு அடியில பொந்துக்குள்ள நீ உக்காந்திருக்கியே. அடியெடுத்துக் கொடு.

—பத்து வருஷமா கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நான் அங்க இருக்கறதே ஒருத்தருக்கும் தெரியாது.

—எனக்குத் தெரியுமே. முடிஞ்சதும் பூசணிக்காய் தோர்த்தெல்லி சாப்பிடப் போலாம். ஊகோவைக் கூப்பிடாதே. டைரக்டர்னு பேரு, பில்லு வர்ற நேரம் பாத்து கை கழுவப் போயிடறான்.

—அவன் காதுல விழப்போகுது. இந்தா, தொப்பி.

*

—உங்கிட்ட ஆறுதலாப் பேசணுமா, வேலையைப் பேசணுமான்னே தெரியலை, ஓர்னெல்லா.

—வேலையையே பேசு, ஊகோ. அடக்கத்தன்னைக்கு நீ பேசினதே போதும். துல்லியோவைப் பத்தி ஆரம்பிச்சு, நமக்குப் படியளக்கிற பேங்க் சேர்மனைப் பாராட்டி முடிச்சே.

—முதல் வரிசையில உக்காந்திருக்காரு மனுஷன், வேற என்ன பண்ணச் சொல்றே? சொல்றதைக் கேளு. சனிக்கிழமை அரண்மனை முற்றத்துல நம்ம நாடகம். துல்லியோ கட்டின கவிஞன் வேஷத்தை இவானோ கட்டறான். நல்ல நடிகன், ஒரு வரி மறக்க மாட்டான். அதுதான் தொல்லையே.

—மறக்காம இருக்கறது தொல்லையா?

—அந்த மௌனம் வரலையே! துல்லியோ எழுந்து நிப்பான், வாயைத் திறப்பான், பேச மாட்டான். அரங்கமே மூச்சைப் பிடிச்சுக்கும். அதிகாரத்துக்கு முன்னால கலைஞனோட மறுப்புன்னு பேப்பர்ல எழுதினாங்க. நாடகப் பேராசிரியை ஒருத்தி தன் புஸ்தகத்துல ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கா. ‘மௌனத்தைக் கேட்க வாருங்கள்’னு மாந்துவா ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டியாச்சு. இவானோ நின்னா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. நீ கீழ இருந்து பாத்தவ, அவனுக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடு.

—அது மறுப்பு இல்லை, ஊகோ. மறதி.

—என்னது?

—வரி மறந்து நிப்பான். நான் எடுத்துக் கொடுப்பேன். வாங்கிச் சொல்லுவான். அவ்வளவுதான் விஷயம்.

—விளையாடாதே. பத்து வருஷமாவா?

—முத நாள் மறந்தப்போ நீ உள்ள ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடிச்சு அழுதே. அதுக்கப்புறம் உங்கிட்ட உண்மையைச் சொல்ல அவனுக்கு மனசு வரலை.

—சரி, சொல்றதைக் கேளு. இது நமக்குள்ளயே இருக்கட்டும். பேராசிரியை பாவம். இவானோவை மறந்த மாதிரி நடிக்கச் சொல்லிடறேன். அது சுலபம்.

—வேண்டாம். இவானோ மௌனமா நிக்காம வரியைச் சொல்லட்டும். அதை உங்கிட்ட கேட்டுக்கத்தான் வந்திருக்கேன்.

—அது மட்டும் முடியாது. கடைசித் தடவை துல்லியோ எப்படி நின்னான், நீயே சொல்லு. நின்னு நின்னு, அப்படியே நாற்காலியில சரிஞ்சு, வரியைச் சொல்லாமலே திரை விழுந்துச்சு. ஜனம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அப்பேர்ப்பட்ட நடிப்பு நடிச்சிட்டு உள்ள வந்துதானே மயங்கி விழுந்தான்.

—அவன் எங்க உள்ள வந்தான்? நீ சேர்மன் பக்கத்துல உக்காந்திருந்தே, உனக்கு அப்படித்தான் சொல்லியிருப்பாங்க. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சது மேடையிலன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எழுந்து நின்னப்பவே.

—நாங்க கைதட்டிக்கிட்டு இருந்தோமே.

—ஆமா. நல்லாவே தட்டினீங்க.

—நடிப்புன்னு நினைச்சுட்டோம், ஓர்னெல்லா. நான்தான் முதல்ல எழுந்தேன். அப்போ... அன்னைக்கும் வரி மறந்துபோய்த்தான் நின்னிருக்கான்.

—இல்லை. அன்னைக்கு ஒரு நாள்தான் மறக்கலை. நான் அடியெடுத்துக் கொடுக்கறதுக்கு முன்னாடியே அவன் உதடு அசைய ஆரம்பிச்சுடுச்சு. சத்தம்தான் வரலை. முழு வரியையும் சொன்னான், ஊகோ. ஒரு எழுத்து பிசகலை.